பி.எச். பின்னால் ஓட வேண்டாம்: கோய்த் தொட்டித் தண்ணீர் கேள்வி பதில்

போன முறை கோய் என்கிற வண்ணக் கெண்டை மீனுக்குத் தீனி போடுவது பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தீனியைப் பற்றிப் பேசவே இல்லை, எல்லாம் தண்ணீர்தான். ஆத்துத் தண்ணீர் உள்ளவருக்கு ஒரு கவலை, போர் தண்ணீர் உள்ளவருக்கு அதற்கு நேர் எதிரான கவலை. அதனால் இந்த முறை முழுக்கத் தண்ணீரையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்ம ஊரில் குளம் என்றால் நயினார்குளம் மாதிரி வயலுக்குப் பாய்கிற குளம், எனவே வீட்டு முற்றத்தில் கட்டியதை நான் தொட்டி என்றுதான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு: பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்கிற எண், 7 நடு, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். பி.பி.எம். என்றால் ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம்.

அண்ணாச்சி, எங்கள் வீட்டு போர் தண்ணீரைக் குழாயில் பிடித்த உடனே பார்த்தால் பி.எச். 7.2. தொட்டியில் விட்டு மறுநாள் பார்த்தால் 8.3. கடினத்தன்மை 700 பி.பி.எம். இருக்கிறது. சாப்ட்னர் வைத்தால் இரண்டும் இறங்கிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வைக்கலாமா?
- வள்ளியூர் வாசகர்

வைக்க வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல ஏர் பம்பு ஒன்று வாங்குங்கள்.

முதலில் 7.2 எப்படி 8.3 ஆனது என்று பார்ப்போம். பூமிக்குள் அழுத்தத்தில் கிடக்கிற தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும், அது தண்ணீரில் இருக்கிற வரை கொஞ்சம் அமிலமாக நின்று பி.எச்.சைக் கீழே பிடித்து வைத்திருக்கும். மேலே வந்து காற்றுப் பட்டதும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, அந்த வாயு வெளியேறிவிடும், பி.எச். தானாக ஏறும். ஆக உங்கள் தண்ணீரின் உண்மையான பி.எச். 8.3தான், குழாயில் பார்த்த 7.2 வெறும் வேஷம். போர் தண்ணீரைச் சோதிக்கிறவர்கள் ஒரு வாளியில் பிடித்து ஏர் கல் போட்டு ஒரு நாள் விட்டு அப்புறம் பாருங்கள்.

அடுத்தது கடினம். இரண்டு கடினம் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை. ஜி.எச். என்பது தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். சோறு வடிக்கிற பானையில் வெள்ளையாகப் பிடிப்பது, சோப்பு நுரைக்காமல் செய்வது எல்லாம் இதன் வேலை. கே.எச். என்பது கார்பனேட், பைகார்பனேட் இருப்பு. தண்ணீரில் அமிலம் சேரும்போது அதைத் தின்று பி.எச். விழாமல் காப்பது இது. பி.எச். இன்றைக்கு இலையில் விழுந்த சோறு என்றால் கே.எச். பத்தாயத்தில் கிடக்கிற நெல். இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பத்தாயம் காலியானது தெரியாது.

சாப்ட்னர் என்ன செய்கிறது? கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. கே.எச். அப்படியே இருக்கும், பி.எச்.சும் அப்படியே இருக்கும். குளியலறைக் குழாய்க்கு நல்லது, மீனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, சொல்லப்போனால் மீனுக்கு வேண்டிய கால்சியத்தை எடுத்துவிடுகிறது. கோய் என்பது கெண்டை ஜாதி, எதையும் தாங்கும். பி.எச். 7-லிருந்து 8.5 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் அங்கேயே இருக்கட்டும். 8.3-ல் ஒரே சீராக நிற்கிற தொட்டி, காலையில் 7 மாலையில் 9 என்று ஆடுகிற தொட்டியைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் 700 கொஞ்சம் அதிகம்தான், மறுக்கவில்லை. குடிநீருக்கே 200 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கோய்க்கு 100-லிருந்து 250 வரை சுகம், அதற்கு மேலும் பழகிக்கொள்ளும். நீங்கள் கவலைப்பட வேண்டியது இன்றைய 700-ஐ அல்ல, வைகாசியில் அது என்னவாகும் என்பதை. வெயிலுக்குத் தண்ணீர் வற்றுகிறது, நாம் மேலே போர் தண்ணீரை விட்டு நிரப்புகிறோம், ஆவியாகப் போனது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கிறது, புதிதாக விட்டதிலும் உப்பு வருகிறது. பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற கதைதான். நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு. வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை அடியிலிருந்து வெளியேற்றி (தென்னைக்கு விடுங்கள்) அப்புறம் நிரப்பினால்தான் கடினம் கட்டுக்குள் இருக்கும். மொட்டை மாடி மழைத்தண்ணீரை சின்டெக்ஸில் பிடித்து வைத்துப் பாதிக்குப் பாதி கலந்தால் 700 என்பது 350 ஆகிவிடும், செலவே இல்லை. ஆர்.ஓ. பற்றியும் கேட்பீர்கள்: வீட்டு ஆர்.ஓ. பாதிக்கு மேல் தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். வள்ளியூர்ப் பக்கம் தண்ணீர் படுகிற பாட்டுக்கு அது பாவம்.

ஒரு எச்சரிக்கை. ஜி.எச். 700 என்பதால் கே.எச்.சும் அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். கடலோரப் பக்கத்து போர்களில் கால்சியம் குளோரைடாகவும் சல்பேட்டாகவும் கிடக்கலாம், அப்போது ஜி.எச். உச்சத்தில் இருக்க, கே.எச். சொற்பமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாக, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கிற தண்ணீர்ச் சோதனைக் கிட்டில் பாருங்கள்.

எங்களுக்கு நேர் மாறாக, தாமிரபரணித் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. ஊரே மெச்சுகிற தண்ணீர். ஆனால் மதியம் மூன்று மணிக்கு பி.எச். 9, விடிகாலையில் 6.8. மீன்கள் காலையில் மேலே வந்து வாய் பிளக்கின்றன. நல்ல தண்ணீரில் ஏன் இப்படி?
- கல்லிடைக்குறிச்சி வாசகி

அக்கா, நல்ல தண்ணீர் என்பதால்தான் இப்படி. பொதிகையில் கருங்கல் பாறை மேல் ஓடி வருகிற தண்ணீரில் கரைவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை, அதனால்தான் குடிக்க ருசி, பருப்பு சீக்கிரம் வேகிறது. நான் அம்பைக்காரன், எங்கள் வீட்டுக் குழாயில் கே.எச். 35 பி.பி.எம். தாண்டுவது அபூர்வம். கோய்க்கு 80-லிருந்து 150 வரை வேண்டும்.

தொட்டி பச்சையாக இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பச்சையாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சும், பி.எச். ஏறும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதே வாயுவை வெளியே விடும், பி.எச். இறங்கும், கூடவே பிராணவாயுவும் குறையும், அதுதான் விடிகாலை வாய் பிளப்பு. கே.எச். நிறைய இருந்தால் இந்த ஆட்டம் சின்னதாக இருக்கும், இல்லாததால் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. இன்றைக்கே செய்ய வேண்டியது: இரவு முழுக்க ஏர் பம்பு ஓடட்டும், தொட்டியில் பாதிக்கு மேல் பச்சை வலையோ தென்னங்கீற்றோ நிழல் போடுங்கள். அப்புறம் கே.எச்.சை ஏற்றுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதுதான். மழைத்தண்ணீர் அமிர்தம் என்று மாடிக் குழாயை நேராகத் தொட்டிக்குள் விட்டிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. இரண்டு நாள் விடாமல் கொட்டி, தொட்டி வழிந்து வழிந்து, உள்ளே இருந்த கொஞ்ச நஞ்ச கே.எச்.சும் தெருவோடு போய்விட்டது. மின்சாரம் வேறு இல்லை, பில்டர் நின்றுபோனது, வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக் காற்றுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மீன்கள் அடியில் சோர்ந்து கிடந்தன, ஆனால் பதினொன்றும் உயிரோடுதான் இருந்தன. பி.எச். பார்த்தால் 5.8. பதறிப்போய் கிணற்றுக்குப் போட வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புத் தூளில் இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

அன்று சாயங்காலத்துக்குள் ஆறு மீன் போய்விட்டது. மழை கொல்லவில்லை, 5.8 கொல்லவில்லை, நான்தான் கொன்றேன்.

காரணம் இதுதான். மீன் கழிவில் வருகிற அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும், ஒன்று பெரும்பாலும் தொல்லை தராதது, இன்னொன்று விஷம். எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது பி.எச்.சும் வெப்பமும். நம்ம ஊர்த் தண்ணீரின் 28 டிகிரியில், பி.எச். 7 இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ உருவத்தில் இருக்காது, 8 ஆனால் ஆறேழு பங்கு, 9 ஆனால் நாற்பது பங்கு. பி.எச். ஆறுக்குக் கீழே போனதும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும், அதனால் என் தொட்டியில் மூன்று நாள் அம்மோனியா சேர்ந்து கிடந்தது, ஆனால் அந்த அமிலத் தண்ணீரில் அது பல் இல்லாத பாம்பு. சுண்ணாம்பைப் போட்டு பி.எச்.சைத் தூக்கியதும் பாம்புக்குப் பல் முளைத்துவிட்டது. விழுந்த பி.எச்.சை ஒரே நாளில் தூக்கி நிறுத்தக் கூடாது என்பதை ஆறு மீன் கொடுத்துப் படித்தேன். செய்திருக்க வேண்டியது, முதலில் அம்மோனியாவைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி அதை வெளியேற்றி, அப்புறம் மெதுவாக ஆப்ப சோடா போட்டு கே.எச்.சை ஏற்றுவது.

மாடிக் குழாய் இப்போது தனித் தொட்டிக்குப் போகிறது.

கே.எச். ஏற்ற சோடா போடு என்கிறார்கள், எந்த சோடா, எத்தனை கிராம்? கணக்கோடு சொல்லுங்கள்.
- சேரன்மகாதேவி வாசகர்

ஆப்ப சோடா. பலசரக்குக் கடையில் வெறுமனே சோடா என்று கேட்காதீர்கள், சலவை சோடாவைக் கட்டிக் கொடுத்துவிட்டால் பி.எச். பதினொன்றுப் பக்கம் இழுக்கும். காஸ்டிக் சோடா என்றால் கதையே முடிந்தது. கேக்குக்குப் போடுகிற பேக்கிங் பவுடரும் இல்லை, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். ஆப்ப சோடாவின் அழகு என்னவென்றால் அது கே.எச்.சை எவ்வளவு ஏற்றினாலும் பி.எச்.சை 8.3 பக்கத்தில் நிறுத்திக்கொள்ளும்.

தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். பத்துக்கு ஆறு, நாலடி ஆழம் என்றால் 6,800 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 30 கிராம் சோடா போட்டால் கே.எச். 18 பி.பி.எம். ஏறும், அதாவது கடினத்தை அளக்கிற கணக்கில் ஒரு டிகிரி. கே.எச். 20-லிருந்து 100-க்குப் போக வேண்டுமானால் ஆயிரம் லிட்டருக்கு 134 கிராம், 6,800-க்கு முக்கால் கிலோவுக்கு மேலே, 910 கிராம். மொத்தமாகக் கொட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம், ஐந்து நாளில் பிரித்து, வாளித் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பில்டர் தண்ணீர் விழுகிற இடத்தில் ஊற்றுங்கள். அம்மோனியா இருந்தால் அதிலும் பாதி.

ஒரு முறை ஏற்றிவிட்டோம் என்று உட்கார்ந்துவிட முடியாது. பில்டர் பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது கே.எச்.சைத் தின்கிறது, ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. மீனுக்கு நாளைக்கு 100 கிராம் தீனி போடுகிறீர்கள் என்றால், நான் போட்ட கணக்குப்படி 6,800 லிட்டர் தொட்டியில் தினமும் சுமார் 3 பி.பி.எம். கே.எச். கரையும். 35-ல் ஆரம்பித்த ஆத்துத் தண்ணீர்த் தொட்டி, தண்ணீர் மாற்றாமல் விட்டால் பன்னிரண்டு நாளில் பத்தாயம் துடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். தீனி கூட்டினால் சோடாவும் கூட்ட வேண்டும், இந்தக் கணக்கை யாரும் தீனி பாக்கெட்டில் அச்சடிப்பதில்லை.

பக்கத்து வீட்டில் போர் தண்ணீர் இருந்தால் சோடாவே வேண்டாம். அதன் கே.எச். 300 என்றால் ஆத்துத் தண்ணீர் மூன்று பங்கு, போர் ஒரு பங்கு, கணக்கு சரியாக வந்துவிடும். வள்ளியூர்க்காரரும் கல்லிடைக்காரரும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்திருக்கலாம்.

புதிதாக சிமென்ட் தொட்டி கட்டினோம். ஒரு வாரம் தண்ணீர் நிற்க வைத்து ஊற்றிவிட்டுத்தான் மீன் விட்டோம். மூன்றாம் நாளே எல்லாம் செத்துவிட்டன, உடம்பு முழுக்க வெள்ளையாகச் சளி. விற்றவர் தண்ணீர் சரியில்லை என்கிறார்.
- மேலப்பாளையம் வாசகி

விற்றவர் சொன்னது இந்த ஒரு விஷயத்தில் சரி. புது சிமென்டிலிருந்து சுண்ணாம்பு ஊறிக்கொண்டே இருக்கும், பி.எச். பத்து, பதினொன்று வரை போகும், மீனின் தோலும் செவுளும் வெந்துபோன மாதிரி ஆகிச் சளி கக்கும். ஒரு வாரம் ஒரு தண்ணீர் போதாது.

களக்காட்டுப் பக்கம் வாழைக்குப் பஞ்சமா? குலை வெட்டிய மரத்தை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி, தொட்டியை நிரப்பி உள்ளே போட்டு, பத்து நாள் அழுகவிடுங்கள். அழுகும்போது வருகிற அமிலம் சுண்ணாம்பைத் தின்னும். நாறும், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, இன்னொரு முறை நிரப்பி இரண்டு நாள் நிற்க வைத்து பி.எச். பாருங்கள். வாளியில் வைத்த அதே தண்ணீரின் பி.எச்.சும் தொட்டியின் பி.எச்.சும் ஒன்றாக இருந்தால் தொட்டி தயார், இல்லையென்றால் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். ஆத்துத் தண்ணீர்க்காரர்களுக்கு இது அதிக நாள் பிடிக்கும், கே.எச். குறைந்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு ஊறினாலே பி.எச். எகிறிவிடும். பொறுமை இல்லாதவர்கள் மீனுக்கு ஆகிற எபாக்சி பூச்சு அடித்துவிடலாம், விலை கொஞ்சம் கடிக்கும்.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன், 420 காட்டுகிறது. என் கடினத்தன்மை 420 தானே? பி.எச். குறைக்க வாதாம் இலை போடலாமா?
- பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்

இல்லை தம்பி. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக எடை போடுகிறது, மூட்டைக்குள் கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ கல் உப்பு போட்டால் மீட்டர் மூவாயிரம் ஏறும், கடினம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

வாதாம் இலை மென்மையான தண்ணீரில் பி.எச்.சைக் கொஞ்சம் இறக்கும், போர் தண்ணீரில் நிறம்தான் காபியாகும். புளி, எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் வேண்டவே வேண்டாம்: கே.எச். இருக்கிற வரை பி.எச். அசையாது, நீங்களும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவீர்கள், கே.எச். தீர்ந்த நிமிஷம் தொப்பென்று விழும். படிகாரமும் அதே ஜாதிதான், கலங்கலைத் தெளிய வைக்கும், ஆனால் கூடவே கே.எச்.சையும் தின்றுவிடும். தேற்றாங்கொட்டையும் கலங்கலுக்குத்தான், கடினத்துக்கு அல்ல.

பி.எச். மீட்டர் வாங்கினால் அதோடு வரும் பொடிகளை வைத்து மாதம் ஒரு முறை சரிபார்த்துக்கொள். பார்க்கிற நேரத்தையும் எழுதி வை, விடிகாலை ஒன்று, நாலு மணிக்கு ஒன்று.

பில்டரில் பவளக்கல் போட்டால் கே.எச். தானாக நிற்கும் என்றார்கள். கடற்கரையில் பொறுக்கலாமா?
- திருச்செந்தூர் வாசகர்

பொறுக்காதீர்கள். பவளப் பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்துக் கரையில் ஒதுங்கியதுதானே என்று வாதாடிப் பயனில்லை. சிப்பி ஓடு போதும், அதுவும் அதே கால்சியம் கார்பனேட்தான். நன்றாகக் கழுவி, உப்புப் போக நாலு நாள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, வலைப் பையில் கட்டித் தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்தில் வையுங்கள். பி.எச். இறங்கும்போது கரையும், எட்டைத் தொட்டால் சும்மா கிடக்கும். மெதுவான மருந்து, அவசரத்துக்கு உதவாது. மேலே பாசியும் கழிவும் படிந்தால் கரையவே கரையாது, மாதம் ஒரு முறை அலசுங்கள்.

என் ஷோவா மீனின் (கருப்பு, சிவப்பு, வெள்ளை மூன்றும் கலந்த கோய் வகை) கருப்பு வெளிறுகிறது. தண்ணீர்க் கடினம் குறைவு என்பதாலா?
- அம்பாசமுத்திரம் வாசகர்

நம்ம ஊர்க்காரரே கேட்டுவிட்டார். கடினத் தண்ணீரில் கருப்பு அழுத்தமாக வரும், மென்மையான தண்ணீரில் சிவப்பு சுத்தமாக இருக்கும் என்று கோய் வளர்ப்பவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். கோய் பிறந்த ஜப்பானின் நீகாட்டா மலைப்பக்கம் பனி உருகி வருகிற மென்மையான தண்ணீர்தான், அங்கேயும் நல்ல கருப்பு வரத்தான் செய்கிறது. ஷோவாவில் குட்டியாக இருக்கும்போது கருப்பு மறைந்து வருஷம் கழித்து மேலே வருவது சகஜம். மீன் எத்தனை அங்குலம், எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு அடிக்குக் கீழே என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். கே.எச். 100-க்கு வந்து மூன்று மாதம் ஆன பிறகும் வெளிறியே இருந்தால், அதே இடத்தில் வைத்து எடுத்த பழைய படம் ஒன்றும் புதுப் படம் ஒன்றும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.